இரண்டு வயதுக் குழந்தையுடன் அந்தமான்: ஐந்து நாள் பயணத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். பிப்ரவரி கடைசி வாரத்தில் நான், கணவர், மாமியார் மூவரும் எங்கள் மகனை அழைத்துக்கொண்டு நான்கு இரவு, ஐந்து பகல் அந்தமான் போய்வர நினைக்கிறோம். பயணத்தின் நான்காம் நாள் அவனுக்கு இரண்டு வயது நிறைகிறது. பயண முகவர் தந்த திட்டத்தில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் குகை, ராஸ் தீவு எல்லாமே இருக்கின்றன. சின்னக் குழந்தையோடு இது சரிப்படுமா? படகு, சாப்பாடு, மருந்து விஷயத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இடமும் மாதமும் சரியானவை, திட்டம்தான் சரியில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான புயல் காலத்திலும் படகுப் போக்குவரத்து திடீரென ரத்தாவது வழக்கம். அந்தக் கவலை உங்களுக்குப் பெரிதாக இருக்காது. ஆனால், முகவரின் திட்டம் பெரியவர்கள் மட்டும் போகும் பயணத்துக்குப் போட்டது. கைக்குழந்தையைச் சோர்வடையச் செய்பவை பார்க்கும் இடங்கள் அல்ல. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் நேரங்களே. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போக வேண்டுமென்றால் பெட்டி கட்ட வேண்டும், டாக்சி பிடிக்க வேண்டும், படகுத்துறையில் அடையாள அட்டை காட்டிச் சோதனை முடித்துக் காத்திருக்க வேண்டும், படகில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும், இறங்கியதும் மறுபடி வண்டி தேட வேண்டும். உங்கள் திட்டத்தில் இது மூன்று முறை வருகிறது. அதை இரண்டாகக் குறைத்தால் ஒரு முழுப் பகல் உங்களுக்கு மிச்சமாகும்.

பாராடாங்கைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி வழியாகப் போகும் சாலையில், ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே வண்டிகளை வரிசையாக அனுப்புவார்கள். வழியில் எங்கும் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. முதல் வரிசையில் சேர வேண்டுமென்றால் விடியுமுன்பே விடுதியிலிருந்து கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பெரிய படகு, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு சிறிய படகு, குகைவரை நடை, அதே வழியில் திரும்புதல் என ஒரு முழு நாள் போய்விடும். டயப்பர் மாற்றுவதற்குக்கூட வண்டியை நிறுத்த முடியாத பாதையில் இரண்டு வயதுக் குழந்தையைக் கூட்டிப்போவதில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. நீல் தீவு அழகானது. ஆனாலும் இந்த முறை வேண்டாம். அங்குள்ள இயற்கைப் பாலத்தைப் பார்க்க, கடல் உள்வாங்கிய நேரத்தில் வழுக்கும் பாறைகள் மீது நடக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கும் அது சிரமம்.

ஆகவே முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு இரவுகள் ஹேவ்லாக், கடைசி இரவு மீண்டும் போர்ட் பிளேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலைப் படகில் வந்து அன்றே விமானம் ஏறலாம் என்று சிலர் சொல்வார்கள். படகு ஒருநாள் தாமதமானாலும் விமானம் காத்திருக்காது என்பதால் நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பயணச்சீட்டுகளில் ஊர்ப்பெயர்கள் வேறாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2018இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு என்றும், நீல் ஷஹீத் தீவு என்றும், 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் மாற்றப்பட்டன. பேச்சில் பழைய பெயர்களே புழங்குகின்றன.

விமானச்சீட்டு விஷயத்தில் உங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை தேவையில்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகனுக்கு நான்காம் நாளே வயது நிறைந்துவிடுவதால், ஐந்தாம் நாள் திரும்பும்போது அவனுக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். போகவர ஒரே சீட்டாகக் கைக்குழந்தைக் கட்டணத்தில் பதிவு செய்துவிட்டு, திரும்பும் நாளில் விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. முகவரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். வயதுச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழின் நகலும், இருந்தால் குழந்தையின் ஆதாரும் கையில் இருக்கட்டும், படகுத்துறையிலும் கேட்பார்கள். சென்னையிலிருந்து பறக்கும் நேரம் இரண்டே கால் மணி அளவுதான் என்றாலும், அதிகாலை விமானம் என்றால் குழந்தையை நள்ளிரவு கடந்ததும் எழுப்ப வேண்டியிருக்கும். முந்தைய இரவு சென்னையில் தங்கிவிட்டு, காலை எட்டு மணியை ஒட்டிய விமானம் கிடைக்கிறதா என்று பாருங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது பால், தண்ணீர் ஏதாவது உறிஞ்சக் கொடுத்துக்கொண்டே இருந்தால் காதுவலி குறையும். தூங்குகிறான் என்று அந்த நேரத்தில் விட்டுவிட்டால் காதைப் பிடித்துக்கொண்டு அலறி எழுவான்.

பெரும்பாலான பெற்றோர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது அந்தமானின் சூரியன். கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டினாலும், தீவுகள் திருச்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 14 பாகை தள்ளி இருப்பதால், சூரியன் அங்கே சுமார் 56 நிமிடம் முன்னதாகவே உதித்து முன்னதாகவே மறைகிறது. பிப்ரவரி இறுதியில் ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மாலை ஐந்தரைக்குப் பொழுது சாய்ந்துவிடும். உச்சிவெயில் பதினொன்றரை மணிக்கே வந்துவிடும். ஊரில் ஆறரைக்கு எழும் பிள்ளை அங்கே ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வான். அதை எதிர்த்துப் போராடாமல் அதற்கேற்ப நாளை அமையுங்கள். ஆறு மணியிலிருந்து எட்டரை வரை கடற்கரை. ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்பிக் குளியல். பதினோரு மணிக்குச் சாப்பாடு, பிறகு தூக்கம். மூன்றரைக்கு மேல் மறுபடி வெளியே. காலை உணவை நிதானமாக முடித்துப் பத்து மணிக்குக் கடலுக்குக் கிளம்பும் குடும்பங்களின் குழந்தைகள்தான் மாலையில் முகமெல்லாம் சிவந்து காய்ச்சலோடு கிடக்கிறார்கள். முழுக்கை நீச்சல் சட்டையும், கழுத்தின் பின்புறத்தை மூடும் தொப்பியும் எந்த களிம்பையும்விட நம்பகமானவை. திறந்திருக்கும் இடங்களில் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் பூசி, தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடி பூசுங்கள்.

ஹேவ்லாக்கில் விடுதிகள் பெரும்பாலும் கோவிந்த் நகர், விஜய் நகர் ஆகிய கிழக்குக் கரையில் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் அறை வாசலிலேயே நீலக்கடல் தெரியும்; ஆனால் கடல் வற்றும் நேரத்தில் அது வெகுதூரம் உள்வாங்கி, கூர்மையான பவளப்பாறைத் திட்டுகள் வெளியே வந்துவிடும். அங்கே குழந்தையை வெறுங்காலோடு விடக்கூடாது. ரப்பர் அடியுள்ள காலணி அவசியம். கடல் ஏறும், வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், தினமும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குக் கரையிலுள்ள ராதாநகர் கடற்கரை மணற்பாங்கானது, மெல்லச் சரிவது, காவலர்கள் உள்ளது. இரண்டு மாலையும் அங்கேயே கழிக்கலாம். அங்கும் அலை உண்டு. இந்த வயதுக் குழந்தை முழங்கால் ஆழத்தில் விழுந்தால்கூடச் சத்தமில்லாமல் மூழ்கிவிடும் என்பதால், ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். “நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்” என்ற பேச்சு எழாதபடி, இந்த அரைமணி யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுச் சாமான்களே. பாதுகாப்புக் கருவி அல்ல. சிறிய படகுகளில் தரும் உயிர்காப்பு அங்கிகள் பெரும்பாலும் பெரியவர்கள் அளவில் இருக்கும் என்பதால், மகனின் எடைக்கு ஏற்றதை இங்கிருந்தே வாங்கிப்போவது நல்லது. அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்திலும் கழிமுக ஓரங்களிலும் கால் நனைக்கவும் வேண்டாம்.

விடிகாலையிலும் மாலையிலும் கடற்கரையில் மணல் ஈக்கள் கடிக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. மறுநாள்தான் கால்களில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி நாள்கணக்கில் அரிக்கும். ஈரமணலில் நேரடியாக உட்காரவிடாமல் கனமான விரிப்பு போடுங்கள், முழுக்கால்சட்டை அணிவியுங்கள். பூச்சிவிரட்டியைச் சன்ஸ்கிரீனுக்கு மேல் கடைசியாகப் பூச வேண்டும். பிள்ளையின் உள்ளங்கையில் பூசினால் அது வாய்க்குத்தான் போகும்.

படகைப் பொறுத்தவரை, தனியார் கேட்டமரான்கள் (இரட்டை அடிப்பாகம் கொண்ட படகுகள்) விரைவானவை. ஆனால் உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் உள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயணக் குமட்டல் அரிது. உங்கள் மகனைவிட நீங்களும் மாமியாரும்தான் வாந்தி எடுக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்கான குமட்டல் மாத்திரையில் பாதியைக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. இந்த வகை மருந்துகளில் சில இரண்டு வயதுக்குக் கீழ் மூச்சையே பாதிக்கக்கூடியவை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓர் இட்லி போதும். வயிறு நிறையப் பால் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர் இருப்பதால் இட்லி, தயிர்சாதம் எளிதில் கிடைக்கும். ஹேவ்லாக்கில் வங்காளக் குடும்பங்கள் அதிகம். வெறும் சோறும் பருப்பும் கேட்டால் காரமில்லாமல் செய்து தருவார்கள். அவன் குடிக்கும் பால்மாவும் டயப்பரும் ஐந்து நாளுக்குமேல் ஒரு நாள் கூடுதலாக எண்ணி எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் தீவில் நீங்கள் தேடும் பிராண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது. தள்ளுவண்டி மணலில் உருளாது. முதுகிலோ மார்பிலோ சுமக்கும் பை போதும். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், மலிவுதான். பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு அந்த வளைவுகளில் ஓட்டாமல் ஆட்டோவிலேயே போங்கள்.

ஹேவ்லாக்கில் அரசு சுகாதார நிலையம் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். எனவே கிளம்புமுன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் எடை பார்த்து, காய்ச்சல் மருந்தின் அளவை மில்லியில் எழுதி வாங்குங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் வெவ்வேறு வீரியத்தில் விற்கப்படுகிறது. வீட்டு அளவை மனதில் வைத்துக்கொண்டு அங்கே வேறு வீரியத்தை வாங்கினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். வீட்டில் கொடுக்கும் பாட்டிலையே எடுத்துச் செல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 21 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளர் தண்ணீரில் கரைத்தால் அதுவே கெடுதல்.

திரும்பும் நாளில் மகனின் சட்டைப்பைகளையும் மணல் வாளியையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பவளத்துண்டும் சிப்பியும் எடுத்துச் செல்லத் தடை உண்டு, விமான நிலையச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். அப்போது அவன் அழுவதைச் சமாளிப்பது உங்கள் பாடு. ஊர் திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அந்தமான் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மலேரியா, டெங்கு பரிசோதனை தேவையா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.