இந்தோனேசியாவில் இஸ்லாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "இந்தோனேசியாவில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள், ஆனால் அது இஸ்லாமிய நாடு அல்ல" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க இந்தோனேசியாதான்.

கேள்வி: அங்கே இஸ்லாம் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் பரவியது என்கிறார்களே, உண்மையா? (காயல்பட்டினம் வாசகர்)

பாதி உண்மை. வெளியிலிருந்து படை எதுவும் போகவில்லை. போனவர்கள் வியாபாரிகள். மிளகும் கற்பூரமும் கிராம்பும் வாங்கப் போய், காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, உள்ளூரில் பெண் எடுத்து வேர்விட்டவர்கள். அவர்கள் பின்னாலேயே சூஃபிகளும் போனார்கள். 1292இல் சுமத்ராவின் வடகரையில் இறங்கிய மார்க்கோ போலோ, பெர்லாக் நகரத்து மக்கள் முஸ்லிம் வியாபாரிகளால் அந்த மார்க்கத்துக்கு வந்துவிட்டார்கள், மலைப்பக்கத்து மக்கள் வரவில்லை என்று எழுதிவைத்தார். பக்கத்திலேயே பாசாய். அதன் சுல்தான் மாலிக் அல் சாலிஹின் கல்லறைக்கல்லில் 1297ஆம் ஆண்டு இருக்கிறது.

உங்கள் ஊர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இந்தோனேசிய முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட மரபைப் பின்பற்றுகிறவர்கள். காயல்பட்டினத்தைப் போல, நம் கிழக்குக் கரையின் பல ஊர்களைப் போல, மலபாரைப் போல. ஒரே கடல்வழியில் வந்துபோனவர்களின் தொடர்பு இது. சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினுடையது. முஸ்லிம் வியாபாரிகள் பெருகுவதற்கு முன்பே நம்மவர்களுக்கு அந்தத் துறைமுகங்கள் பழக்கம்.

சரி, மீதிப் பாதி? ஜாவாவில் தெமாக் என்ற முஸ்லிம் அரசு 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தபோது, மஜாபாகித் என்ற இந்து பௌத்தப் பேரரசின் மிச்சத்தோடு அது சண்டை போட்டது, ஆட்சியையும் பிடித்தது. அந்தப் போரை ஒரு மதம் இன்னொரு மதத்தை அழித்த கதையாகச் சொல்லிவிடவும் முடியாது. மஜாபாகித்தின் தலைநகரம் இருந்த திரோவுலானிலேயே 14ஆம் நூற்றாண்டு முஸ்லிம் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் இந்திய நாட்காட்டியின் சக ஆண்டு வெட்டியிருக்கிறது, சில கற்களில் மஜாபாகித்தின் சூரியச் சின்னமும் இருக்கிறது. இந்து பௌத்த அரசின் கண்ணெதிரே, அரண்மனைக்குப் பக்கத்திலேயே முஸ்லிம்கள் மரியாதையோடு வாழ்ந்து அடக்கமாகியிருக்கிறார்கள்.

கேள்வி: முஸ்லிம்களே மகாபாரதக் கூத்து நடத்துகிறார்களாம். இது எப்படி? (கும்பகோணம் வாசகி)

நடத்துகிறார்கள். ராத்திரி தொடங்கினால் விடியும்வரை, தோல்பாவையும் திரையும் கமெலான் இசையுமாக. பாவைகளை ஆட்டுகிற தாலாங் பெரும்பாலும் முஸ்லிம்தான்.

ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பியவர்களாக ஒன்பது வலிமார்களை, அதாவது இறைநேசர்களைச் சொல்வார்கள். அவர்களில் மக்கள் மனசுக்கு ரொம்ப நெருக்கமானவர் சுனன் கலிஜாகா. பாவைக்கூத்தை வைத்தே மார்க்கத்தைச் சொன்னவர் என்பது ஜாவாக்காரர்களின் நம்பிக்கை. ஜாவாவின் மகாபாரதத்தில் தருமரிடம் கலிமாசாதா என்று ஒரு மந்திர ஏடு இருக்கும். அதை யாராவது வாசித்துப் பொருள் சொன்னால்தான் அவருக்கு மரணம். யுகயுகமாகக் காட்டில் காத்திருந்த தருமரைச் சுனன் கலிஜாகா சந்திக்கிறார், ஏட்டைப் பிரிக்கிறார், உள்ளே இருப்பது இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமா ஷஹாதா. வாசித்துக் காட்டுகிறார், தருமர் நிம்மதியாகக் கண்மூடுகிறார். இது நடந்ததா என்று கேட்பது வீண். பழைய நாயகர்களைக் கைவிட மனசில்லாத, புதிய மார்க்கத்தையும் முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட கதை இது, எனக்கு இதைவிட அழகான மதமாற்றக் கதை தெரியாது.

குதுஸ் என்று ஒரு ஊர், மத்திய ஜாவாவில். அங்கே பள்ளிவாசலின் மினாரா செங்கல்லால் கட்டியது, பார்த்தால் மஜாபாகித் காலத்துக் கோயில் என்றே சொல்வீர்கள். சுவரில் பீங்கான் தட்டுகள் பதித்திருக்கும், உச்சியில் தொழுகை நேரத்தை அறிவிக்கிற பெரிய முரசு. பள்ளிவாசல் 1549ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஊரில் மாடு அறுப்பதில்லை. இந்துக்களின் மனசு புண்படக்கூடாது என்று அந்த ஒன்பது பேரில் ஒருவரான சுனன் குதுஸ் சொல்லிவைத்ததாக நம்பிக்கை. இன்றைக்கும் அங்கே போய் சோத்தோ என்ற சூப்பைக் கேட்டால் எருமைக்கறியோ கோழியோ போட்டுத்தான் கொடுப்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கும் எருமைதான். சட்டமோ போலீஸோ இல்லாமல் 400 வருஷத்துக்கு மேலாக ஒரு ஊர் தன் பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறது, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் அனேகமாக இல்லாமல் போன பிறகும்.

இதையெல்லாம் எல்லா முஸ்லிம்களும் ஏற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கலப்பு வேண்டாம், குர்ஆனுக்கும் ஹதீஸுக்கும் திரும்புவோம் என்று சொல்கிற சீர்திருத்தக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகவே வலுவாக இருக்கிறார்கள். இந்த இழுபறிதான் அந்த நாட்டு இஸ்லாத்தின் உயிரோட்டம்.

கேள்வி: 87 சதவீதம் பேர் முஸ்லிம்கள். அப்புறம் ஏன் இஸ்லாமிய நாடு என்று அறிவிக்கவில்லை? (திருநெல்வேலி வாசகர்)

அறிவிக்கும் கட்டம்வரை போய்த்தான் திரும்பினார்கள். 1945 ஜூன் 1 அன்று விடுதலைப் போராட்டத் தலைவர் சுகர்ணோ, வரப்போகும் நாட்டுக்கு அடித்தளமாகப் பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகளை முன்வைத்துப் பேசினார். ஜூன் 22 அன்று 9 பேர் கொண்ட குழு அரசியல் சட்டத்துக்கு ஒரு முகவுரை எழுதியது. ஜகார்த்தா சாசனம் என்று பெயர். இறைநம்பிக்கையைச் சொல்லும் இடத்தில், "இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமையோடு" என்ற தொடரைச் சேர்த்தார்கள். இந்தோனேசிய மொழியில் 7 சொற்கள்.

ஆகஸ்ட் 17 அன்று சுதந்திரம் அறிவித்தாயிற்று. மறுநாள் அரசியல் சட்டம் நிறைவேற வேண்டும். கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இந்தத் தொடர் இருந்தால் குடியரசில் சேரமாட்டார்கள் என்று சுகர்ணோவோடு நின்ற தலைவர் ஹத்தாவுக்குத் தகவல் வருகிறது. அவர் முஸ்லிம் தலைவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். முஹம்மதியா என்ற முஸ்லிம் சீர்திருத்த இயக்கத்தின் தலைவர் கி பாகுஸ் ஹாதிகுசுமோவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் அவரும் ஒத்துக்கொண்டார். 7 சொற்களும் போயின. "ஒரே இறைவன் மீதான நம்பிக்கை" என்பது நின்றது. குடியரசுத் தலைவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற விதியும் போயிற்று.

அந்த விட்டுக்கொடுத்தலை நான் ரொம்ப மதிக்கிறேன். கையில் பெரும்பான்மை இருக்கிறது, கேட்டால் கிடைக்கும், இருந்தும் நாடு ஒன்றாக நிற்கட்டும் என்று பின்வாங்கினார்கள். அவர்களில் சிலருக்கு அந்த வலி கடைசிவரை போகவில்லை. 1949இல் கார்த்தோசுவிர்யோ மேற்கு ஜாவாவில் இஸ்லாமிய அரசை அறிவித்து ஆயுதம் எடுத்தார், 1962இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். தேர்தல் வழியிலும் முயன்றார்கள். 1955 பொதுத்தேர்தலில் மஸ்யூமி என்ற இஸ்லாமியக் கட்சிக்கு ஏறத்தாழ 21 சதவீதம், அப்போது கட்சியாகவும் நின்ற நஹ்தத்துல் உலமா இயக்கத்துக்கு 18 சதவீதம், சின்னக் கட்சிகளையும் சேர்த்தால் 43க்குச் சற்று மேல். பாதியைத் தொடவில்லை. அதாவது அன்றைக்கே முஸ்லிம்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இஸ்லாமியக் கட்சி அல்லாதவற்றுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

2002இல் அந்தத் தொடரை மீண்டும் சேர்க்கச் சில கட்சிகள் கேட்டபோது எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? நஹ்தத்துல் உலமாவின் தலைவரும் முஹம்மதியாவின் தலைவரும். கோரிக்கை விழுந்தது.

அதற்காக அது மதச்சார்பற்ற நாடும் இல்லை. மத விவகார அமைச்சகம் 1946 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அரசு 6 மதங்களை அங்கீகரிக்கிறது. அங்கீகாரத்துக்காகப் பாலி இந்துக்களே தங்கள் வழிபாட்டுக்கு மேல் ஒரே பரம்பொருளாக சங் ஹியாங் விதியை முன்னிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: அடிக்கடி நஹ்தத்துல் உலமா, முஹம்மதியா என்று எழுதுகிறீர்கள். கட்சிகளா, ஜமாஅத்களா? (சென்னை வாசகர்)

கோடிக்கணக்கானவர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் இயக்கங்கள். முஹம்மதியாவை 1912இல் யோக்யகர்த்தாவில் அஹமது தஹ்லான் தொடங்கினார். சீர்திருத்தப் பக்கம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று கட்டிக்கொண்டே போனவர்கள். நஹ்தத்துல் உலமா 1926இல் சுரபாயாவில் ஹாஷிம் அஷ்அரி தலைமையில் உருவானது, நபியைப் புகழ்ந்து மௌலிது ஓதுவதும் அடக்கத்தலங்களுக்குப் போகும் கபர் ஜியாரத்தும் கூடாது என்ற வாதத்துக்கு எதிர்ப்பக்கம். கிராமத்து மத்ரசாக்களான பெசந்த்ரன்கள்தான் அதன் பலம். பழைய ஆட்சியாளர்களான டச்சுக்காரர்கள் திரும்பி வந்தபோது, எதிர்த்துப் போராடுவது கடமை என்று 1945 அக்டோபர் 22 அன்று தீர்மானம் போட்டதும் மார்க்க அறிஞர்களான இந்த உலமாக்களே. நவம்பரில் சுரபாயாச் சண்டை வந்தது.

அரசு மாறும், கட்சி கலையும், இந்த இரண்டும் நிற்கும். மதத்துக்கு ஆட்சியின் கை தேவையில்லை என்ற தெம்பு அவர்களுக்கு இதிலிருந்துதான் வந்தது என்பது என் துணிபு.

கேள்வி: 1965 படுகொலைகளை இஸ்லாத்தின் கணக்கில் எழுதலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

கம்யூனிஸ்ட்கள் என்ற பெயரில் குறைந்தது 5 லட்சம் பேரைக் கொன்றார்கள். திட்டமிட்டு நடத்தியது ராணுவம். கிழக்கு ஜாவாவில் நஹ்தத்துல் உலமாவின் இளைஞர் அணியான அன்சோர் நேரடியாகப் பங்கெடுத்தது, இதை மறைப்பதற்கில்லை. ஆனால் பாலியில் கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பெரும்பாலும் இந்துக்கள். நிலத் தகராறு, அரசியல் பகை, ராணுவத்தின் தூண்டுதல் எல்லாம் சேர்ந்த கொடுமை அது. மதம் அதைத் தடுக்கவில்லை, பல இடங்களில் துணைபோனது.

2000இல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித், மக்கள் அவரை குஸ் துர் என்பார்கள், ஹாஷிம் அஷ்அரியின் பேரன், இந்தக் கொலைகளில் தன் அமைப்பின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். கம்யூனிசத்தின் மீதான தடையையும் நீக்கலாம் என்றார். அவருடைய ஆதரவாளர்களே எதிர்த்தார்கள், தடை இன்றுவரை நிற்கிறது.

கேள்வி: ஆச்சேயில் மட்டும் ஏன் பிரம்படி? (கோவை வாசகர்)

சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சே வீராப்புள்ள மண், 1873இல் தொடங்கிய டச்சுப் படையெடுப்பை முப்பது வருஷம் எதிர்த்து நின்றது. பின்னாளில் அங்கே எரிவாயு எடுத்து ஜகார்த்தாவுக்குப் பணம் போனது, உள்ளூருக்கு ராணுவம் வந்தது. 1976இல் தனிநாடு கேட்டு ஒரு இயக்கம் எழுந்தது. அந்த இயக்கத்தின் முதல் கோரிக்கை ஷரீஅத் அல்ல. மக்களைச் சமாதானப்படுத்த ஜகார்த்தாதான் அதைக் கொடுத்தது, பிரம்படித் தண்டனை அந்த வழியில் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் ஒப்பந்தம் ஆனது, சண்டை நின்றது, பிரம்படி தங்கிவிட்டது.

கேள்வி: இப்போது அந்த நாடு கடும்போக்குக்கு மாறிவிட்டதா? (திருச்சி வாசகர்)

சில விஷயங்களில் கவலையாகத்தான் இருக்கிறது. ஜகார்த்தா ஆளுநராக இருந்த அஹோக், சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். ஒரு பேச்சில் ஒரு குர்ஆன் வசனத்தைக் குறிப்பிட்டதற்காக 2016 டிசம்பர் 2 அன்று லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள், 2017 மே மாதம் இரண்டு வருஷம் சிறை. தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிறுபான்மைப் பிரிவினரான அஹ்மதியாக்கள் பட்ட பாடு அதைவிட மோசம், 2011இல் சிகேயுசிக்கில் ஒரு கும்பல் மூன்று பேரை அடித்தே கொன்றது.

இதற்கெல்லாம் கை கொடுப்பது 1965இல் வந்த மத நிந்தனைச் சட்டம். அதை நீக்கக் கோரி அரசியல் சாசன நீதிமன்றம் போனவர்களில் குஸ் துரும் ஒருவர், தீர்ப்புக்கு முன்பே 2009 கடைசியில் இறந்துபோனார். 2010இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டம் இருக்கும்வரை, சகிப்புத்தன்மைக்கு இந்தோனேசியாவைப் பார் என்று கண்ணை மூடிக்கொண்டு என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: பெண் ஆலிம்கள் அங்கே உண்டா? ஃபத்வா கொடுக்கிறார்களா? (மேலப்பாளையம், கல்லூரி மாணவி)

உண்டு மா, கொடுக்கிறார்கள். பெண்கள் நடத்துகிற பெசந்த்ரன்களும் இருக்கின்றன. 2017 ஏப்ரலில் சிரெபோனில் ஒரு பெசந்த்ரனில் பெண் உலமாக்களின் மாநாடு நடந்தது. பாலியல் வன்முறை, குழந்தைத் திருமணம், சுற்றுச்சூழல் அழிவு ஆகிய மூன்றைப் பற்றியும் குர்ஆன், ஹதீஸ், ஃபிக்ஹ் என்ற மார்க்கச் சட்ட நூல்களோடு பாதிக்கப்பட்ட பெண்களின் அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினார்கள். சிறுமிகளைத் திருமணத்திலிருந்து காப்பது கடமை என்றார்கள். அப்போது சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது 16. ஆணுக்கு 19, பெண்ணுக்கு 16 என்ற வேற்றுமை செல்லாது என்று 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. 2019இல் நாடாளுமன்றம் இருவருக்கும் 19 ஆக்கியது. பெற்றோர் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது, அதை அடைப்பதற்காகவும் அந்தப் பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.