குழாய் போட்ட பிறகும் ஆபரேஷன் எதற்கு?

தம்பி, மண்டபத்தில் விசைப்படகின் வின்ச் கம்பி அறுந்து மச்சான் நெஞ்சில் அடித்துவிட்டது, நெஞ்சுக்குள் தேங்கிய ரத்தத்தை வடிக்கக் குழாய் போட்டதும் 1,600 மில்லி ரத்தம் வந்தது, மதுரைக்குப் போய் நெஞ்சைத் திறந்தே ஆகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெஞ்சறுவைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பெரும்பாலானோருக்குக் குழாயே போதும். ஆனால் எடுத்த எடுப்பில் 1,500 மில்லிக்கு மேல் வந்தாலோ, அப்புறமும் மணிக்கு 200 மில்லி வீதம் சில மணி நேரம் நிற்காமல் வந்தாலோ, உள்ளே ஏதோ ரத்தக்குழாய் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சைத் திறந்து அதைக் கட்டித்தான் ஆகணும். தயங்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள்.

வழியில், குழாயின் மறுமுனை தண்ணீரில் மூழ்கியிருக்கும் அந்தப் பாட்டிலின் மேல் கண் இருக்கட்டும். அது எப்போதும் மார்புக்குக் கீழே, சாயாமல் நிற்கணும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் அவசரத்தில் வயிற்றின் மேல் தூக்கி வைத்துவிடுவார்கள். பாட்டில் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிவிடும். பாட்டிலில் குமிழி வருகிறதே என்று பயந்து யாரும் குழாயைக் கிளிப் போட்டு அடைக்க வேண்டாம். காற்று உள்ளேயே தங்கி நுரையீரலை நசுக்கும்.

ராமநாதபுரம் தாண்டி இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடணும். அதனால் டாக்டரையே மதுரைக்கு முன்கூட்டிப் போன் செய்து, ரத்த குரூப்பையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும், எத்தனை மணிக்கு எவ்வளவு ரத்தம் வந்தது என்று எழுதிய தாளும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.