ஆன்லைன் வகுப்பு, ஆன்லைன் தேர்வு: மாற்றுத்திறன் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் கல்லூரியில் சம வாய்ப்பு மையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நான். எனக்கும் பார்வைக் குறைபாடு உண்டு. திரையை மூக்கருகே கொண்டுவந்துதான் படிப்பேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். கீழே வெறுமனே 'சட்டம்' என்று வந்தால், அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்.

அக்கா, எனக்குப் பார்வை முழுமையாக இல்லை. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. சார் வாட்ஸ்அப்பில் போடும் தமிழ் நோட்ஸை, திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாக உளறுகிறது. சில பிடிஎஃபில் சத்தமே வருவதில்லை. என் லேப்டாப்தான் கோளாறா?

லேப்டாப்பில் ஒன்றுமில்லை தங்கச்சி. இங்கே இருப்பது இரண்டு வேறு வேறு சிக்கல்.

உளறுகிற கோப்பு அநேகமாக பாமினியில் அடித்ததாக இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும். 'அம்மா' என்று திரையில் இருப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுவிட்டது. ஆனாலும் பல துறைகளில் பழைய நோட்ஸே ஆண்டுதோறும் சுற்றிக்கொண்டிருக்கிறது, தேதியை மட்டும் மாற்றி.

சாரிடம் "எனக்குப் படிக்க முடியவில்லை" என்று சொன்னால், "யாரையாவது படித்துக் காட்டச் சொல்லும்மா" என்பார். அப்படிக் கேட்காதே. "சார், இந்த நோட்ஸை யூனிகோடுக்கு மாற்றி வேர்டு கோப்பாகத் தாருங்கள்" என்று கேள். அவருக்கு மாற்றத் தெரியாவிட்டால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. பாமினி எழுத்தை ஒட்டினால் யூனிகோடாகிவிடும். பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதிலிருந்து நகலெடுத்தும் ஒட்டிப் பார்க்கலாம். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறும், படிக்கிற அளவுக்கு வந்துவிடும்.

சத்தமே வராதது ஸ்கேன் செய்த பக்கம், அதாவது படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும். நேராக, வெளிச்சமாக எடுத்த பக்கம் நன்றாக வரும். இரண்டு பத்தி அச்சும் அட்டவணையும் குழம்பும். வரலாறு படிக்கிறவள் நீ, ஆண்டுகளை மட்டும் ஒருமுறை யாரிடமாவது சரிபார்த்துக்கொள். 3ம் 8ம் மாறினால் ஒரு போரே ஐம்பது வருடம் தள்ளிப்போய்விடும்.

நூலகத்தில் காப்புரிமையைக் காரணம் காட்டித் தயங்கினால், 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்ற அனுமதிக்கிறது என்று சொல். 'சுகம்ய புஸ்தகாலயா' இணைய நூலகத்திலும் பதிந்து வை.

நான் கணிதத்துறை உதவிப் பேராசிரியர். மூடுல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் 30 நிமிட வினாத்தேர்வு வைக்கிறேன். ஒரு மாணவருக்கு மட்டும் நேரம் கூட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா? எவ்வளவு கூட்டுவது?

அநியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள் சார். நீங்கள் சோதிக்க நினைப்பது தொகையிடல் தெரியுமா என்பதையா, அரை மணியில் எத்தனை வரி திரையில் ஓட்ட முடியும் என்பதையா? முதலாவது என்றால் கூடுதல் நேரம் உங்கள் தேர்வைக் கெடுக்காது, சரியாக்கும்.

கணக்கு எளிது. மாற்றுத்திறனாளிகளின் தேர்வுக்கான மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடும். ஒரு மணிக்கும் குறைவான தேர்வுக்கு அதே விகிதம், ஐந்தின் மடங்காக. ஆக உங்கள் 30 நிமிடத்துக்கு 10 நிமிடம். மூடுலில் வினாத்தேர்வு அமைப்புக்குள் தனி மாணவருக்கான விதிவிலக்குப் பக்கம் இருக்கிறது. அந்த மாணவர் பெயரைச் சேர்த்து நேரத்தை 40 ஆக்கினால் போதும், மற்றவர்களுக்குத் தெரியாது. தேர்வு மூடும் நேரத்தையும் அவருக்குத் தள்ளிவையுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள். 40 நிமிடம் கொடுத்துவிட்டு 30ஆவது நிமிடத்தில் கதவு சாத்திக்கொள்ளும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வீடியோ பாடத்தில் "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனால் இது வந்துவிடும்" என்று எழுதிக்கொண்டே போகிறோம். பார்வையில்லாத பிள்ளைக்கு அதில் 'இது' மட்டும்தான் கேட்கும். எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள். சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல், வேர்டின் சமன்பாட்டுக் கருவியில் தட்டுங்கள்.

என் மகனுக்குக் காது கேட்காது. பி.காம். ஆன்லைன் வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியாமல் உட்கார்ந்திருக்கிறான். வகுப்பைப் பதிவு செய்து தரச் சொன்னால் மறுக்கிறார்கள் மேடம்.

அம்மா, பதிவு செய்த வீடியோ மட்டும் வந்தால் அவனுக்கு என்ன பயன்? அதிலும் பேச்சுதானே இருக்கும். கேட்க வேண்டியது எழுத்து. பாடம் தொடங்குமுன் பிபிடியும் நோட்ஸும் வேண்டும், பாடம் முடிந்ததும் சொன்னவற்றின் எழுத்து வடிவம் வேண்டும். மின்னணு ஊடகத்தில் வசன எழுத்தும் சைகைமொழி பெயர்ப்பும் வேண்டும் என்று சட்டத்தின் 42ஆம் பிரிவே சொல்கிறது.

அதுவரை கைவசம் செய்யக்கூடியது: ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் திறந்து லேப்டாப் ஸ்பீக்கர் அருகே வையுங்கள், பேச்சு எழுத்தாக ஓடும். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் தடுமாறும். நம் ஆசிரியர்கள் அப்படித்தான் பேசுவோம், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. ஆசிரியர் கேமராவை அணைக்காமல் முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்தால் உதடு பார்த்துப் புரிந்துகொள்பவனுக்குப் பாதி வேலை குறையும். கேள்வி கேட்பதைச் சாட்டில் தட்டச் சொல்லுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் அவர் கட்டம் மறையாதபடி திரையில் நிறுத்திவைக்க வேண்டும்.

பதிவு செய்ய மறுப்பது பெரும்பாலும் வீடியோ வெளியே போய்விடும் என்ற பயத்தால்தான். தரவிறக்க முடியாதபடி, அவன் கணக்குக்கு மட்டும் பகிரலாம் என்று நீங்களே வழி சொல்லிப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கென்றே பி.காம். உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆனால் "அங்கே போங்கள்" என்று இப்போதைய கல்லூரி கைகழுவ முடியாது.

பி.இ. மூன்றாம் ஆண்டு. பெருமூளை வாதம், கை நடுங்கும். என்பிடெல் (ஐஐடிகளின் இணையப் படிப்புத் தளம்) படிப்பு எடுத்திருக்கிறேன். ஸ்கிரைப் (நான் சொல்வதை எழுதித் தருபவர்) கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி, ஆனால் பதிவுப் படிவத்தை நிரப்பும் அன்றே கேட்கணும். வாராந்திர அசைன்மென்ட் வீட்டிலிருந்தே செய்வதால் பலர் இறுதித் தேர்வையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அது தேர்வு மையத்தில் நேரில் உட்கார்ந்து கணினியில் எழுதுவது. மதிப்பெண்ணில் 75 சதவீதம் அதில்தான். படிவத்தில் மாற்றுத்திறன் பகுதியை நிரப்பி, சான்றிதழை ஏற்றி, ஸ்கிரைப் தேவை என்று குறி. கட்டணச் சலுகையும் அங்கேதான் வரும். ஹால் டிக்கெட் வந்தபிறகு மின்னஞ்சல் அனுப்பி அலைய வேண்டாம்.

பெருமூளை வாதம், பார்வையின்மை, இரு கைகளும் பாதிப்பு ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் ஸ்கிரைபுக்குத் தனி மருத்துவச் சான்று தேவைப்படவில்லை. மற்றவர்கள் எழுதுவதில் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவரின் சான்று வாங்க வேண்டியிருந்தது. சான்று, ஸ்கிரைபின் படிப்புத் தகுதி, யார் அழைத்து வருவது போன்ற விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன; அந்தந்தப் பருவத்தின் தேர்வு அறிவிப்பைப் படி. பொறியியல் தாள் என்றால் குறியீடுகள் தெரிந்தவரைக் கேள். சிக்மாவை 'எம் மாதிரி படுத்திருக்கு' என்று படித்துக் காட்டுகிறவரோடு உட்கார்ந்தால் கூடுதல் நேரமும் போதாது.

என் சான்றில் மாற்றுத்திறன் 30 சதவீதம்தான். 40 இல்லாவிட்டால் எதுவும் கிடையாது என்கிறார் ஹெச்ஓடி.

40 என்பது இட ஒதுக்கீட்டுக்கான எல்லை. உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீத இடம் என்கிறதே, அதற்கு அது வேண்டும். தேர்வு வசதிக்கு அந்த எல்லை பொருந்தாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு அவருக்கு; ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் ஸ்கிரைப் மறுத்திருந்தது. அதன்பின் 2022 ஆகஸ்டில் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே வழிகாட்டுதல் வந்தது. தீர்ப்பையும் இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதலையும் அச்செடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். ஹெச்ஓடியோடு வாதாடுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

எனக்கு நிறக்குருடு. புள்ளியியல் பாடத்தில் எல்லா வரைபடமும் சிவப்பு, பச்சைக் கோடுதான். இதற்கெல்லாம் கேட்கலாமா?

தாராளமாக. சட்டம் பட்டியலிடும் 21 மாற்றுத்திறன் வகைகளில் நிறக்குருடு இல்லை. ஆனாலும் தமிழக மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவர் வழக்கில், 2023இல் உச்ச நீதிமன்றம் நியாயமான இணக்க வசதியை (அவரவர் தேவைக்கேற்ற மாற்றத்தை) வலியுறுத்தி அவருக்குப் பணி வழங்கச் சொன்னது. உங்கள் தேவை அதைவிடச் சின்னது: ஒரு கோடு புள்ளிக்கோடாக, ஒரு கோடு முழுக்கோடாக, பக்கத்திலேயே பெயர். ஆசிரியருக்கு இரண்டு நிமிட வேலை.

எனக்கு மனச்சோர்வுக்கு மருந்து போகிறது. காலையில் எழவே முடியாத நாள்கள் உண்டு. அசைன்மென்ட் தேதி தள்ளக் கேட்டால் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்குமே?

எல்லோருக்கும் சொல்லத் தேவையே இல்லைம்மா. மனநோய் 21 வகைகளில் ஒன்று. சான்றிதழும் மருத்துவக் குறிப்பும் சம வாய்ப்பு மையத்தோடு நிற்கட்டும். பாட ஆசிரியருக்குப் போக வேண்டியது "இந்த மாணவிக்கு அசைன்மென்டுக்கு ஏழு நாள் வரை கூடுதல் அவகாசம்" என்ற ஒரு வரி. நோயின் பெயர் அதில் எதற்கு? காலை வகுப்புக்கு வருகைப்பதிவு போகிறது என்றால், பதிவைப் பார்த்து அன்று இரவுக்குள் நான்கு வரி எழுதித் தந்தால் வருகையாகக் கொள்ளலாமா என்று சேர்த்துக் கேள்.

ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு) பற்றியும் இருவர் கேட்டிருந்தீர்கள். பட்டியலில் அது தனிப்பெயராக இல்லை. கூடவே கற்றல் குறைபாடு இருந்தால் அதற்குச் சான்று வாங்கலாம். இல்லாவிட்டாலும் மருத்துவர் கடிதத்தோடு கேட்பதை யாரும் தடுக்கவில்லை. நல்ல கல்லூரிகள் செய்கின்றன.

வீட்டிலிருந்து எழுதிய தேர்வில் கேமரா என்னை 'சந்தேகம்' என்று குறித்துவிட்டது. பார்வைக் குறைவால் குனிந்துதான் படிப்பேன். இப்போது முறைகேடு விசாரணை என்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குனிவது, கண் ஒரு பக்கம் ஓடுவது, உடலை ஆட்டிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கழிப்பறை போவது, இவை எல்லாம் அந்த மென்பொருளுக்குக் குற்றம். மென்பொருள் கொடி காட்டியதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, மனிதர் வீடியோவைப் பார்க்க வேண்டும் என்று இன்றே எழுத்தில் பதில் கொடுங்கள். கண் மருத்துவ அறிக்கையை இணையுங்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கேமரா முன் கண் இமைக்கச் சொல்லும் வங்கி அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இமைக்கவே முடியாத, அமில வீச்சுக்கு ஆளான பெண்களும் அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் உண்டு. உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

அடுத்த தேர்வுக்கு முன் ஒத்திகைத் தேர்வு கேளுங்கள். தேர்வுக்கான உலாவி மற்ற செயலிகளைத் தடுத்துப் பூட்டிக்கொண்டதும் உருப்பெருக்கியும் ஸ்கிரீன் ரீடரும் நின்றுவிடுகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும்.

போன் மட்டும்தான் இருக்கிறது, லேப்டாப் இல்லை.

ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் போதும், தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள். பார்வை, செவித்திறன் குறையுடையோருக்கு அரசு செயலிகளோடு திறன்பேசி தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

கடிதம் கொடுத்தும் பதிலே இல்லை என்றால்?

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். அவர் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை. ஆனால் வாய்ச்சொல்லாகக் கேட்டதற்கு அங்கே மதிப்பில்லை. தேதியோடு மின்னஞ்சல் இருக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது? எனக்கு எழுதவே வரவில்லை அக்கா.

கதை வேண்டாம், கஷ்டம் வேண்டாம். எது தடுக்கிறது, எது வேண்டும், எந்தத் தேதிக்குள். இப்படி:

"ஐயா, நான் குறைபார்வை உள்ள மாணவி, யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை நகல் இணைத்துள்ளேன். இந்தப் பருவத்தில் மூன்று பாடங்கள் ஆன்லைனில் நடக்கின்றன. பாடக்குறிப்புகள் ஸ்கேன் படங்களாக இருப்பதால் பெரிதாக்கினால் மங்குகின்றன. யூனிகோடு வேர்டு கோப்பாக, வகுப்புக்கு இரண்டு நாள் முன் தேவை. இணைய வினாத்தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம் தேவை. முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

முதல்வர், துறைத்தலைவர், சம வாய்ப்பு மையம் மூவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பு. அட்டை இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்ப எண்ணைப் போட்டு அனுப்பிவிடு, அட்டைக்காகக் காத்திருக்காதே.