பழைய சிடி பிளேயருக்குத் தனி டாக் தேவையா?

கேள்வி: என்னிடம் பதினைந்து வருடப் பழைய சிடி பிளேயர் இருக்கிறது. தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, ஆனால் ஒலி மந்தமாகப் படுகிறது. தனியாக ஒரு டாக்கும் (DAC, டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), கூடவே விலை உயர்ந்த டிஜிட்டல் கேபிளும் வாங்கிப் போட்டால் ஒலி ஆளே மாறிவிடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: கேபிளை முதலில் மறந்துவிடுங்கள். டாக் வாங்குவதற்கு முன் பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

சிவப்பும் வெள்ளையுமாக ஜோடியாக இருப்பவை அனலாக் வெளியீடு. பிளேயருக்குள் இருக்கும் டாக் மாற்றி முடித்த ஒலிதான் அதில் வரும். வெளி டாக்குக்கு வேண்டியது மாற்றப்படாத டிஜிட்டல் சிக்னல். வீட்டு பிளேயர்களில் அது பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும் கோஆக்சியல் சாக்கெட்டில் வரும். இல்லாவிட்டால் சின்னக் கதவு போட்ட சதுர ஆப்டிகல் துளையில் வரும். இரண்டும் இல்லையா? பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்து யுஎஸ்பி பென் டிரைவ் செருகுவதற்கு, டாக்குக்கு அல்ல. அதேபோல, கணினிக்கென்றே வரும் யுஎஸ்பி மட்டும் உள்ள டாக் உங்களுக்கு ஆகவே ஆகாது. இதைக் கேட்காமலேயே பெட்டியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

டிஜிட்டல் வெளியீடு இருக்கிறது என்றால், அடுத்து ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். அதில் கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் அதற்குள்ளேயே ஒரு டாக் இருக்கிறது. முதலில் அதில் இணைத்துக் கேளுங்கள், செலவே இல்லை.

கேபிள் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் போதும். வீடியோவுக்கு வரும் மஞ்சள் முனை ஒயரே வேலை செய்யும். தங்க முலாம், வெள்ளிக் கம்பி என்று டாக்கின் விலையையே கேபிளுக்கும் வாங்குவது அநியாயம். ஆப்டிகல் என்றால் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள், மடக்காதீர்கள், அவ்வளவுதான்.

டாக்கின் பெட்டியில் 192, 24 என்று பெரிய எண்கள் இருக்கும். விநாடிக்கு 1,92,000 ஒலி மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் வரை கையாளும் என்று பொருள். சிடியில் இருப்பது விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். 1982-ல் முதல் சிடி விற்பனைக்கு வந்ததிலிருந்து இதுதான் கணக்கு. சிடியில் பதிவாகாத ஒலியை எந்த டாக்கும் உண்டாக்கித் தராது.

வெளி டாக்கில் இணைப்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு, விரிவாகச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் எஸ்ஏசிடி வட்டுகள் (சூப்பர் ஆடியோ சிடி, சாதாரண சிடியைவிட உயர்தரமாக ஒலி பதிந்த அடுக்கு உள்ளவை) இருந்தால், அந்த உயர்தர அடுக்கு கோஆக்சியல், ஆப்டிகல் வழியாக வராது. நகலெடுப்பதற்குப் பயந்து தயாரிப்பாளர்களே பூட்டி வைத்தது இது. காசு கொடுத்து வாங்கிய வட்டை முழுதாகக் கேட்க நமக்கு வழி விடவில்லை! டாக்கில் இணைத்ததும் சத்தமே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பல வட்டுகளில் சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்தே இருக்கும், ரிமோட்டில் அதற்கு மாற்றுங்கள். உயர்தர அடுக்கைக் கேட்க பிளேயரின் சிவப்பு-வெள்ளை வெளியீடே சரி.

சரி, டாக் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா? உங்கள் பிளேயரின் அனலாக் பகுதியில் இரைச்சலோ கரகரப்போ இருந்தால் நன்றாகவே தெரியும். இல்லையென்றால் மிகக் கொஞ்சம்தான். மந்தமாக இருப்பதற்கு ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்திருப்பதே காரணமாக இருக்கலாம். இரண்டடி முன்னால் இழுத்துப் பாருங்கள்.

திருப்பித் தரலாம் என்ற உறுதியோடு மட்டும் வாங்குங்கள். கடையில் கேட்டு ஏமாற வேண்டாம்: சில டாக்குகள் வழக்கமான 2 வோல்ட்டைவிடக் கூடுதலாகத் தரும், சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்கு இனிமை கூடியதாகத் தோன்றும். வீட்டில் சிவப்பு-வெள்ளை ஒயரை ஆம்ப்ளிஃபயரின் சிடி உள்ளீட்டிலும், டாக்கை ஆக்ஸ் உள்ளீட்டிலும் இணைத்து, ஒரே பாட்டை ஓடவிட்டு, இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது எது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றட்டும். உங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.