டியூரர் வரைஞ்ச முயலும் ஈஸ்டர் முட்டையும்

கேள்வி: டியூரரோட முயல் ஓவியத்தை ஆகா ஓகோன்னு சொல்றாங்க. முயல் சும்மா உக்காந்திருக்கு, அதுல அப்படி என்ன இருக்கு?

பதில்: கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-ல வாட்டர்கலர்ல வரைஞ்சது, சைஸ் சுமார் 25-க்கு 22 செ.மீ. தான். அடில பழுப்பு கலரை லேசா பூசிட்டு அது மேல முடியை ஒவ்வொண்ணா இழுத்திருக்கார், காதுல ஒரு பக்கம் படியும், நெஞ்சுல வேற பக்கம் சுழியும், முதுகுல இன்னொரு தினுசு, தொட்டா கைல மெத்துன்னு படும்போல இருக்கும். கண்ணுக்குள்ள பாருங்க, ஜன்னல் வெளிச்சம் குட்டியா தெரியும். பின்னாடி காடு இல்ல, புல்லு இல்ல, தரைல விழுற நிழல் மட்டும்தான். இத்தாலி ஓவியர் டிஷியன் 1530 வாக்குல வரைஞ்ச மாதா படத்துலயும் ஒரு வெள்ளை முயல் வருது, அது தூய்மைக்கு அடையாளமா வர்ற முயல். டியூரரோட முயல் எதுக்கும் அடையாளமா இல்லாம முயலாவே உக்காந்திருக்கு, எனக்கு அதுதான் ரொம்பப் பெரிய விஷயமா படுது. வியன்னால ஆல்பர்டினா மியூசியத்துல இருக்கு, ஆனா வெளிச்சம் பட்டா கலர் மங்கிடும்னு ஒரிஜினலை எப்பவாவதுதான் வெளில வைப்பாங்க.

கேள்வி: ஈஸ்டர் பண்டிகைக்கு முயல் முட்டை கொண்டு வரும்னு வெளிநாட்டுல பசங்களுக்குச் சொல்றாங்களே, முயல் குட்டி போடுற ஜாதியாச்சே, முட்டை அதுகிட்ட எப்படி வந்துச்சு?

பதில்: 1682-லயே ஃபிராங்க் வான் ஃபிராங்கனாவ்ங்கிற ஜெர்மன் டாக்டர் இதை எழுதிட்டார், அல்சாஸ் (இப்ப பிரான்ஸ்ல இருக்கிற பகுதி) பக்கம் காட்டு முயல் தோட்டத்துப் புல்லுல முட்டையை ஒளிச்சு வைக்கும்னு பசங்ககிட்ட சொல்லுவாங்களாம். ஐரோப்பாவோட காட்டு முயல் வளை தோண்டாது, வயல்ல புல்லை அமுக்கி லேசா ஒரு பள்ளம் பண்ணி அதுல படுத்துக்கும். அதே வயல்ல ஆள்காட்டி இனப் பறவைங்களும் தரையிலயே முட்டை போடும், அதனால முயல் எழுந்து ஓடின பக்கம் முட்டையைப் பாத்தவங்க கட்டின கதைன்னு ஒரு விளக்கம் உண்டு, எனக்கும் அதுதான் சரின்னு தோணுது. ஈஸ்ட்ரேங்கிற பழைய தேவதையோட முயல்னு நெட்ல ஓடுதே, அதை நம்பாதீங்க. 8-ம் நூற்றாண்டுல இங்கிலாந்தோட பீட் துறவி அந்தத் தேவதை பேரைச் சொல்றார், முயலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, ரெண்டையும் 19-ம் நூற்றாண்டுலதான் முடிச்சுப் போட்டாங்க.

கேள்வி: சூனியக்காரிங்க முயலா மாறுவாங்கன்னு நெஜமாவே நம்பினாங்களா?

பதில்: நம்பினாங்க. 1662-ல ஸ்காட்லாந்துல இசபெல் கௌடிங்கிற பொண்ணோட வாக்குமூலத்துல முயலா மாறுற மந்திரமே பதிவாகியிருக்கு. காலடிக்கு வர்ற வரைக்கும் அசையாம கிடந்துட்டு திடீர்னு பாஞ்சு வளைஞ்சு வளைஞ்சு ஓடி மறையிற பிராணி, பயம் வராம எப்படி இருக்கும், அந்த பயத்தை ஏழைப் பொம்பளைங்க மேல ஏத்தினதை நெனச்சாதான் மனசு ஆறல. ஆனா வேல்ஸ்ல நேர் எதிர். இளவரசன் ப்ரோக்வெல்லோட வேட்டை நாய்ங்க துரத்தின முயல் மெலாங்கெல்ங்கிற துறவிப் பெண்ணோட அங்கிக்குள்ள புகுந்துக்கிச்சு, நாய்ங்க கிட்டயே வரலை, அவன் அந்த இடத்தையே அவங்களுக்குக் குடுத்துட்டான்னு கதை. அந்தப் பள்ளத்தாக்குல முயலை மெலாங்கெல்லோட ஆட்டுக்குட்டின்னு சொல்லி ரொம்ப காலம் யாரும் கொல்லாமலே இருந்தாங்க.