மைலேஜ் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது? வேலூர் வட்டாரக் கார் உரிமையாளர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி (சத்துவாச்சாரி): ஐயா, லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த என் பெட்ரோல் கார், இப்போது 12 தான் கொடுப்பதாக மீட்டர் காட்டுகிறது. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மீட்டர் காட்டுவது காரின் கணினி போடும் கணக்கு. அது பெரும்பாலும் சற்றுக் கூட்டியோ குறைத்தோதான் காட்டும். டேங்கை நிரப்பும்போது குழாய் தானாக நின்றதும் அதோடு நிறுத்திவிட்டு, டிரிப் மீட்டரைச் சுழியாக்கி, 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டியபின், அதே பங்க்கில் அதே பம்ப்பில் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துப் பாருங்கள். முன்பு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடிய கார் இப்போது கிரீன் சர்க்கிள் நெரிசலில் மட்டுமே ஓடுகிறதென்றால், பழைய 16-ஐ எதிர்பார்ப்பதே தவறு.

அளந்த பிறகும் குறைவாகவே இருந்தால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு, நீண்டகால எரிபொருள் திருத்தத்தின் (கணினி தன் கணக்குக்கு மேல் எரிபொருளைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) சதவீதத்தைக் கேளுங்கள். அது சுழியை ஒட்டி இருந்தால் இன்ஜெக்டருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கழித்தல் 10-ஐயும் தாண்டியிருந்தால், எங்கிருந்தோ கூடுதலாக வரும் எரிபொருளைக் கணினி வெட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; கசியும் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க அப்போதுதான் இடமுண்டு.

கேள்வி (குடியாத்தம்): 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்கு உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், அதே அளவு பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே எத்தனாலே கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டாலும் இழப்பு 6 அல்லது 7 சதவீதம்தான் வரும். மேலே சத்துவாச்சாரி அன்பர் சொல்லும் 16-க்கு 12 என்பது 25 சதவீத வீழ்ச்சி. அந்தப் பழியை எத்தனால் மீது மட்டும் போட முடியாது.

கேள்வி (காட்பாடி): எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வெப்பமானி முள் நடுப்பகுதிக்கு ஏறுவதில்லை. சூடேறாமல் இருப்பது நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல, மைலேஜ் குறைய இது ஒன்றே போதும். எஞ்சின் நீர் 80 முதல் 90 டிகிரியை எட்டும் வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை தெர்மோஸ்டாட் வால்வு அடைத்து வைத்திருக்க வேண்டும். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சின் சூடேறாது. குளிர்ந்த எஞ்சினுக்குத் தருவதுபோல் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும்.

நம் பகுதியில் இன்னொரு வழக்கமும் உண்டு. கார் ஒருமுறை கொதித்துவிட்டால், 'இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று அந்த வால்வையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் எஞ்சினுக்குத் தேவையான சூட்டில் அது பாதிதான் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், வால்வு சிக்கியிருக்கிறது அல்லது உள்ளே இல்லவே இல்லை.

கேள்வி (ராணிப்பேட்டை): நியூட்ரலில் விட்டால் கார் முன்புபோல் உருளாமல் சீக்கிரம் நின்றுவிடுகிறது. டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றச் சொல்லுங்கள். பிரேக் பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (பின்), கிரீஸ் வறண்டு இறுகியிருக்கும். பின்பக்கச் சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்க்க வேண்டும். பேட் மாற்றினால் போதும் என்பவரிடம், பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்த பிறகே பேட் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஆரணி): ஏசியா, ஜன்னலைத் திறந்து வைப்பதா?

பதில்: ஊருக்குள் ஜன்னல், நெடுஞ்சாலையில் ஏசி. வெயிலில் நின்ற காரில் ஏறினால், முதலில் கண்ணாடிகளை இறக்கி உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

கேள்வி (திருப்பத்தூர்): 2021-இல் வாங்கிய டீசல் கார், பிள்ளைகளைப் பள்ளியில் விட மட்டுமே எடுக்கிறோம். மைலேஜ் படுமோசம்.

பதில்: உங்களுடையதைப் போன்ற பி.எஸ்.6 (புகை மாசு வரம்பு விதி) டீசல் காரின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும், கூடுதல் டீசலைச் செலுத்தி அந்தக் கரியைக் கணினி எரித்துவிடும். குறுகிய தூரத்தில் அந்த வேலை முடிவதற்குள் நீங்கள் எஞ்சினை நிறுத்திவிடுவதால், அடுத்த முறை மீண்டும் தொடங்கி மீண்டும் டீசலைக் குடிக்கிறது. வாரம் ஒருமுறை வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வடிகட்டியையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இசைய வேண்டாம். அது சட்டப்படியும் தவறு.