கலர்லயே கொட்டுற ஆபீஸ் பிரிண்டர்

கேள்வி: எங்க ஆபீஸ்ல 12 பேருக்கு ஒரே கலர் லேசர் பிரிண்டர். மெயில் பிரிண்ட் எடுத்தா அதுல இருக்கிற ஒரே ஒரு நீலக்கலர் லிங்க்குக்காக முழுப் பக்கமும் கலர் கணக்குல ஏறிடுது. நான் என் சிஸ்டம்ல கருப்பு வெள்ளைனு மாத்தி வச்சேன், எனக்கு சரியா வருது, மத்தவங்களுக்கு கலர்லதான் வருது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்துல மாத்த வழி இருக்கா?

பதில்: இருக்குங்க. நீங்க மாத்துனது 'பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்', அது உங்க லாகினுக்கு மட்டும்தான். பிரிண்டரை எந்த விண்டோஸ் மெஷின்லேர்ந்து ஷேர் பண்ணிருக்காங்களோ அதுல அட்மினா உள்ள போய், 'பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்' திறந்து, 'அட்வான்ஸ்டு' டேப்ல கீழ 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்'னு ஒரு பட்டன் இருக்கும், அங்க கிரேஸ்கேல் (கலர் இல்லாம கருப்பும் சாம்பலும் மட்டும்) போடுங்க. ப்ரிஃபரன்சஸ், டிஃபால்ட்ஸ்னு ரெண்டுலயும் திறக்கிற விண்டோ அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், பாதிப் பேர் ஏமார்றது இங்கதான். ஏற்கனவே தன் இஷ்டத்துக்கு மாத்தி வச்சவங்களுக்கு பழசே நிக்கும், அவங்க சிஸ்டம்ல பிரிண்டரை ரிமூவ் பண்ணிட்டு திரும்ப சேர்த்துடுங்க. ஷேரிங்கே இல்லாம ஆளாளுக்கு நேரா ஐபி அட்ரஸ் (பிரிண்டரோட நெட்வொர்க் முகவரி) போட்டு சேர்த்திருந்தா, வேற வழியில்ல, 12 சிஸ்டத்துலயும் உக்காந்து மாத்தணும். மேக் வச்சிருக்கிறவங்க பிரிண்ட் டயலாக்ல கருப்பு வெள்ளை செட் பண்ணி ப்ரீசெட்டா சேவ் பண்ணிக்கட்டும்.

என்னைக் கேட்டா இதோட விடமாட்டேன். அதே பிரிண்டரை அதே போர்ட்ல (பிரிண்டருக்குப் போற அதே இணைப்புல) ரெண்டு தடவை சேர்த்து, ஒண்ணுல கிரேஸ்கேலும் இன்னொண்ணுல கலரும் டிஃபால்ட்டா போட்டு, ஒண்ணுக்கு 'கருப்பு', இன்னொண்ணுக்கு 'கலர்'னு பேர் வச்சிடுவேன். கலர் வேணும்ங்கிறவங்க தேடிப் போய் செலக்ட் பண்ணட்டும், சோம்பேறித்தனம் நமக்கு சாதகமா வேலை செய்யும்! ஆனா விண்டோஸ் 10, 11ல 'டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கட்டும்'ங்கிற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா ஒருத்தர் ஒரு தடவை கலர்ல எடுத்ததும் அவருக்கு அதுவே டிஃபால்ட்டா உக்காந்துக்கும்.

கேள்வி: டிஃபால்ட் மாத்தியாச்சு, வேர்ட், பிடிஎஃப் எல்லாம் கருப்புல வருது. ஒரு பழைய எக்செல் ஃபைல் மட்டும் இன்னும் கலர்லயே வருதே?

பதில்: எக்செல் கொஞ்சம் பிடிவாதக்காரன். பிரிண்டர் செட்டிங்கை ஃபைலுக்குள்ளயே, அதுவும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனியா சேவ் பண்ணி வச்சுக்கும், அதனால யாரோ என்னைக்கோ கலர்ல எடுத்தது இன்னிக்கும் கூடவே வருது. ஒவ்வொரு ஷீட்டா திறந்து, எக்செல்லோட பிரிண்ட் திரையில இருக்கிற பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்ல கிரேஸ்கேல் போட்டு, கடைசியா ஃபைலை சேவ் பண்ணுங்க. பேஜ் செட்டப்ல ஷீட் டேப்புல இருக்கிற 'பிளாக் அண்ட் ஒயிட்' டிக் வேற சமாச்சாரம், அது செல்லுக்குப் பின்னாடி அடிச்சிருக்கிற கலரையே எடுத்துடும், மஞ்சள்ல ஹைலைட் பண்ணது சாம்பலா கூட தெரியாது.

கேள்வி: இங்க்ஜெட்ல கிரேஸ்கேல் போட்டும் கலர் இங்க் குறையுதே?

பதில்: சாம்பல் நிறத்தை கலர் இங்க்கையும் கலந்து உருவாக்குற மாடல்கள் உண்டு. 'பிளாக் இங்க் ஒன்லி'னு தனி ஆப்ஷன் இருந்தா அதைப் போடுங்க. அப்பவும் ஹெட் கிளீனிங் (இங்க் வர்ற முனையை பிரிண்டர் சுத்தம் பண்றது) ஓடும்போது கொஞ்சம் போகத்தான் செய்யும்.